டிசிஐ பம்ப் இல்லாத தியேட்டரில் புரோபோஃபால்: 10-8-6 முடிந்த பிறகு என்ன?

மயக்கவியல்_இரண்டாமாண்டு எழுதியது:

சாதாரண சிரிஞ்ச் பம்ப் மட்டும் வைத்துக்கொண்டு முழு டீவா (நரம்பு வழி மருந்தால் மட்டுமே மயக்கம்) கொடுப்பதில் ஒரு தெளிவு வேண்டும்.

கேஸ் இப்படி வைத்துக்கொள்வோம். 40 வயது, 60 கிலோ, வேறு நோய் எதுவும் இல்லை. குடும்பத்தில் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (எம்எச்; சில மயக்க மருந்துகளால் உடல் சூடு ஆபத்தாக ஏறும் பரம்பரைக் கோளாறு) வரலாறு உண்டு. எனவே வேப்பர் (மூச்சு வழி கொடுக்கும் மயக்க ஆவி) கிடையாது, சக்ஸாவும் (சக்சினில்கோலின்) கிடையாது. அறுவை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1% புரோபோஃபால், வலிக்கு ஃபென்டனில், தசை தளர்த்த வெக்குரோனியம். பிஸ் மானிட்டர் (மூளை அலை வழி மயக்க ஆழத்தை எண்ணாகக் காட்டுவது) உண்டு. டிசிஐ பம்ப் (ரத்தத்தில் வேண்டிய அளவைச் சொன்னால் ரேட்டைத் தானே கணக்கிட்டு ஓட்டுவது) கிடையாது.

புத்தகத்தில் 1 மி.கி./கிலோ போலஸ் (ஒரே தடவையில் கொடுக்கும் டோஸ்), பிறகு மணிக்குக் கிலோவுக்கு 10, 8, 6 மி.கி. என்று இருக்கிறது. என் சந்தேகங்கள்:

ரத்தத்தில் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்றால் ரேட்டும் மாறாமல் இருக்க வேண்டியதுதானே, ஏன் படிப்படியாகக் குறைக்கிறோம்? 20 நிமிடத்தில் 6-க்கு வந்த பிறகு கடைசி வரை அப்படியே விட்டுவிடலாமா? நடுவில் ஆழம் போதவில்லை என்றால் ரேட்டை மட்டும் ஏற்றினால் போதுமா? எப்போது நிறுத்தினால் சரியான நேரத்தில் கண் விழிப்பார்?

---

மடைதிறப்பு எழுதியது:

முதல் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

காய்ந்த வாய்க்காலில் மடையைத் திறந்தால், முதலில் வரும் தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும். வயலுக்கு ஒழுங்காகப் பாய வாய்க்கால் நனைந்து முடிய வேண்டும். புரோபோஃபாலும் அப்படித்தான். ரத்தத்தில் ஏற்றியது மூன்று வழியில் போகிறது: கல்லீரல் அழிக்கிறது, தசை போன்ற நல்ல ரத்த ஓட்டமுள்ள திசுக்கள் வேகமாக இழுக்கின்றன, கொழுப்பு மெதுவாக இழுக்கிறது. கல்லீரலின் வேலை கடைசி வரை ஒரே சீராக இருக்கும். மற்ற இரண்டும் நிரம்ப நிரம்ப இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ரத்த அளவு ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால், நாம் ஊற்றும் வேகம் குறைந்துகொண்டே வந்தாக வேண்டும். ஒரே ரேட் வைத்தால் அளவு பல மணி நேரம் ஏறிக்கொண்டே போகும்.

புரோபோஃபால் உடலில் பரவுவதைக் கணக்கிடும் மார்ஷ் மாடலின் எண்களைப் போட்டுப் பாருங்கள். மையத் தொட்டி கிலோவுக்கு 0.228 லிட்டர். நிமிடத்துக்கு வெளியேறும் பங்கு 0.119, தசைப் பக்கம் போவது 0.112, கொழுப்புப் பக்கம் போவது 0.0419. திரும்பி வருவது முறையே 0.055, 0.0033. இலக்கு ஒரு மி.லி. ரத்தத்தில் 3 மைக்ரோகிராம் என்று வைத்தால், தொட்டியை நிரப்பிய அந்தக் கணத்தில் தேவைப்படும் ரேட் மணிக்குக் கிலோவுக்கு 11.2 மி.கி. பத்தாவது நிமிடத்தில் 9.2. இருபதில் 8. அரை மணியில் 7.3. ஒரு மணி நேரத்தில் 6.5. இரண்டு மணியில் 6. நான்கு மணியில் 5.7. எல்லாத் திசுக்களும் முழுக்க நிரம்பிய பிறகு 4.9, இது கல்லீரல் அழிப்பதை ஈடுகட்ட மட்டும். அந்த நிலை வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

இந்த வளைவைத்தான் 10-8-6 மூன்று படிக்கட்டாக வெட்டி வைத்திருக்கிறது. ராபர்ட்ஸ் குழு 1988-இல் வெளியிட்ட முறை இது. பிரிஸ்டல் முறை என்பார்கள். டிசிஐ பம்ப் சந்தைக்கு வந்தது 1996-இல். அதற்கு முன்பு கையால் ஓட்டியவர்களுக்கு இதுதான் கை கொடுத்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 20-வது நிமிடத்தில் மாடல் கேட்பது 8. நாம் கொடுப்பது 6. அப்படியானால் குறைகிறது அல்லவா? ஆம், குறைகிறது. மொத்த மருந்தைக் கூட்டிப் பாருங்கள். 20 நிமிடம் வரை நாம் கொடுத்தது 1 + 1.67 + 1.33, அதாவது கிலோவுக்கு 4 மி.கி. மாடல் கேட்பது 3.8. இதுவரை கொஞ்சம் முன்னே இருக்கிறோம். அடுத்த 40 நிமிடத்தில் நாம் கொடுப்பது 4, மாடல் கேட்பது 4.7. ஆகவே 30 முதல் 90 நிமிடம் வரையிலான பகுதியில் அளவு 3-க்குச் சற்றுக் கீழே, 2.7, 2.8 என்று தொங்கும். இரண்டு மணி நேரத்தில் 3-ஐத் தொடும். நான்கு மணி நேரம் போனால் அதே 6-இல் 3.2 ஆகிவிடும். ரேட் மாறவில்லை, அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. பம்ப்பில் 6 என்று எரிவதைப் பார்த்து 'நிலையாக இருக்கிறது' என்று எண்ணுவதுதான் இதில் அடிப்படைத் தவறு.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். அந்த 1988 முறை 67% நைட்ரஸ் ஆக்ஸைடுடனும் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் ஃபென்டனிலுடனும் சேர்த்துக் கொடுத்தது. நைட்ரஸை எடுத்துவிட்டுக் காற்று-ஆக்ஸிஜனில் ஓட்டிக்கொண்டு, எண்ணை மட்டும் அப்படியே 10-8-6 என்று வைத்தால் பாதி முறையைத்தான் பின்பற்றுகிறீர்கள். எம்எச் நோயாளிக்கு நைட்ரஸ் ஆபத்தில்லை, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். வைக்காவிட்டால் இலக்கை 4 என்று எடுங்கள். எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் போதும்: போலஸ் 80 மி.கி., பிறகு 13.3, 10.7, 8. 60 கிலோவுக்கு 1% மருந்தில் மணிக்கு 80 மி.லி., 64 மி.லி., 48 மி.லி. சிலர் 12-10-8 என்று சொல்வது ஏறக்குறைய இதுதான்.

மனக்கணக்குக்கு: 1% புரோபோஃபாலில் 'மணிக்கு எத்தனை மி.லி.' என்பது ரேட்டை எடையால் பெருக்கிப் பத்தால் வகுத்தது. 6 × 60 ÷ 10 = 36. 2% என்றால் அதில் பாதி.

---

வென்ஃப்ளான் எழுதியது:

மடைதிறப்பு சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த மருந்து நரம்புக்குள் போனால்தானே? டீவாவில் விழிப்பு வந்த கேஸ்களை ஆராய்ந்தால் பார்மகாலஜியை விடக் குழாய் வேலைதான் அதிகம் மாட்டுகிறது. வேப்பருக்கு வெளிவரும் காற்றில் அளந்து காட்ட மானிட்டர் இருக்கிறது. புரோபோஃபாலுக்கு அந்த வசதி தியேட்டரில் இல்லை. பம்ப் 'ஓடுகிறது' என்று காட்டும், மருந்து துணிக்கு அடியில் கட்டிலில் சொட்டிக்கொண்டிருக்கும்.

வென்ஃப்ளான் (நரம்பில் செருகிய ஊசிக்குழாய்) கண்ணுக்குத் தெரிய வேண்டும். கையை ஓரமாக ஒடுக்கித் துணி போர்த்திவிடும் கேஸ் என்றால், குறைந்தது அரை மணிக்கு ஒரு முறை தூக்கிப் பார்க்கும்படி வழி வைத்துக்கொள்ளுங்கள். பிபி கஃப் அதே கையில் வேண்டவே வேண்டாம். கஃப் இறுகும்போது ஓட்டம் நிற்கும், அழுத்தம் லைனில் சேரும், தளர்ந்ததும் சேர்ந்தது ஒரே மூச்சில் உள்ளே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இது நடந்தால் பிபி ஏன் ஏறி இறங்குகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிரிப் லைனும் புரோபோஃபால் லைனும் சேரும் இடம் வென்ஃப்ளானுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. டிரிப் பக்கம் ஒரு வழி வால்வு இருந்தாக வேண்டும். அது இல்லாமல் வென்ஃப்ளான் அடைத்துக்கொண்டால், பம்ப்புக்கு எளிதான வழி டிரிப் குழாயில் மேலே ஏறுவது. பம்ப் அலாரம் அடிக்காது. பத்து நிமிடம் நோயாளிக்கு மருந்தே போகாது. பிறகு யாரோ கையைச் சரிசெய்ததும் டிரிப் வேகமாக ஓடி, அந்தப் பத்து நிமிட மருந்து மொத்தமும் ஒரே போலஸாக இறங்கும். வெறும் த்ரீ-வே இதைத் தடுக்காது. மருந்து லைனில் சைஃபன் தடுப்பு வால்வும் வேண்டும். சிரிஞ்ச் பம்ப்பில் சரியாக உட்காராமல், பம்ப்பும் உயரத்தில் இருந்தால் தானாக வழியும்.

சிரிஞ்ச் திருகி மாட்டும் லியூர் லாக்தான். வெறும் ஸ்லிப் சிரிஞ்ச் அழுத்தத்தில் கழன்று கொள்ளும். பம்ப்பில் சிரிஞ்ச் பிராண்டு கேட்கும்போது கையில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். 50 சிசி என்பதெல்லாம் ஒரே விட்டம் இல்லை. பம்ப்புக்குத் தெரிவது பிஸ்டன் எத்தனை மி.மீ. நகர்கிறது என்பது மட்டும்தான், மி.லி. கணக்கு அது விட்டத்தை வைத்துப் போடுவது.

சிரிஞ்சை மாட்டியதும் பிஸ்டனுக்கும் தள்ளும் கட்டைக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி இருந்தாலே அரை மி.லி.க்கு மேல். மணிக்கு 36 மி.லி. ஓட்டத்தில் அது ஒரு நிமிடம். லைனுக்குள் உள்ள 1.5 மி.லி. காலி இடம் இன்னும் இரண்டரை நிமிடம். ஆகவே மாட்டியதும் நோயாளியுடன் இணைக்கும் முன்பு பர்ஜ் பட்டனை அழுத்தி, லைன் நுனியில் வெள்ளைச் சொட்டு வரும் வரை ஓட்டுங்கள்.

இதைவிட முக்கியம் சிரிஞ்ச் மாற்றுவது. போலஸையும் அதே சிரிஞ்சிலிருந்து கொடுத்தால் 10-8-6 கணக்கில் 60 கிலோவுக்கு முதல் 20 நிமிடத்தில் 6 + 10 + 8 = 24 மி.லி. போய்விடும். மீதி 26 மி.லி. 36 ஓட்டத்தில் 43 நிமிடம். அதாவது ஒரு மணி நேரம் தாண்டியதும் சிரிஞ்ச் காலி. நைட்ரஸ் இல்லாமல் 80-64-48 ஓட்டினால் இன்னும் முன்பே, 40-வது நிமிடத்தை ஒட்டி. அந்த நேரத்துக்கு முன்பே அடுத்த சிரிஞ்ச் நிரப்பி, லேபிள் ஒட்டி, பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். 'காலியாகப் போகிறது' அலாரம் வந்த பிறகு ஆம்ப்யூல் தேடினால் மூன்று நிமிடம் போய்விடும். மூன்று நிமிடம் நின்றால் எவ்வளவு குறையும் என்பதை மடைதிறப்பே சொல்லட்டும்.

---

மடைதிறப்பு எழுதியது:

ஒரு மணி நேரம் 3-இல் ஓடிய பிறகு நிறுத்தினால், மூன்று நிமிடத்தில் 2. முதல் ஒன்றேகால் நிமிடத்திலேயே 2.5. பெரும்பங்கு கல்லீரல் அழிப்பதால், மீதி கொழுப்பின் இழுப்பு நிற்காததால்.

இதிலேயே உங்கள் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

ஏற்றுவதற்கு ரேட்டை மட்டும் கூட்டினால், புதிய அளவுக்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் போலஸ் இல்லாமல் 6-இல் ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: 20 நிமிடத்தில் போயிருப்பது கிலோவுக்கு 2 மி.கி., 3-ஐத் தொட வேண்டியது 3.8. பாதி வழிதான். நடுவில் ஏற்றுவதும் அதே கதைதான். கத்தி வைத்ததும் கை அசைகிறது, ரேட்டை 36-லிருந்து 48 ஆக்குகிறீர்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் கூடுதலாகப் போவது மொத்தம் 1 மி.லி. அதாவது 10 மி.கி. எந்த மூலைக்கு?

ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த மாடல் நேர்விகிதத்தில் நடப்பது. எனவே 1 மைக்ரோகிராம் உயர்த்த வேண்டும் என்றால், ஏற்கெனவே ஓடுவதன் மேல் ஒரு குட்டி 10-8-6-ஐ ஏற்றி வையுங்கள். எல்லாம் மூன்றில் ஒரு பங்கு: 20 மி.கி., அதாவது 2 மி.லி. போலஸ், ரேட்டில் முதல் பத்து நிமிடம் மணிக்கு 20 மி.லி. கூட்டல், அடுத்த பத்து நிமிடம் 16 கூட்டல், பிறகு 12 கூட்டல். 36-இல் ஓடிக்கொண்டிருந்தது 56, 52, 48 என்று போகும். எடை மாறினால் விகிதப்படி மாற்றுங்கள். பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் போலஸ் கொடுத்து நேரே 48-க்குப் போகிறார்கள். அப்போது நடுவில் கொஞ்சம் தொய்வு வரும். பிஸ் பார்த்து இன்னொரு 1 மி.லி. கொடுத்தால் சரியாகும்.

இறக்குவதற்குப் போலஸுக்கு எதிர்ப்பதம் நிறுத்தம். 3-லிருந்து 2-க்கு வர மூன்று நிமிடம் முழுக்க நிறுத்திவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு ரேட்டில், அதாவது 24-இல் தொடங்குங்கள். நிறுத்தாமல் 24 ஆக மட்டும் குறைத்தால் மெதுவாகத்தான் இறங்கும். பிபி 80-இல் நிற்கும்போது அந்த நேரம் இருக்காது. ஒரே எச்சரிக்கை: நிறுத்தியதை மறக்கக் கூடாது. இன்டக்‌ஷனுக்கும் கத்தி வைப்பதற்கும் இடையே பிபி சரிகிறது, பம்ப்பை நிறுத்துகிறோம், எஃபெட்ரின் கொடுக்கிறோம், பொசிஷன் மாற்றுகிறோம், பம்ப் நின்றதே மறந்துபோகிறது. பம்ப்பில் கால நிர்ணயத்துடன் கூடிய 'ஹோல்ட்' இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பம்ப்பில் வைத்த கையை எடுக்காமல் நில்லுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்டக்‌ஷனுக்கு வழக்கம்போல 2 மி.கி./கிலோ கொடுத்துவிட்டு, அதன் மேல் 10-இல் தொடங்குவதும் பிபி சரிவதற்கு ஒரு காரணம். முறையில் சொன்னது 1 மி.கி. 2 கொடுத்துவிட்டீர்கள் என்றால் 10-ஐத் தாண்டிவிட்டு 8-இல் ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் 6-க்கு வாருங்கள். 20 நிமிடத்தில் கூட்டுத்தொகை 4.3 வரும், அதிகம் தவறில்லை.

நிறுத்தும் நேரம்: பெரும்பாலானோர் 1 முதல் 1.5-க்குள் கண் திறப்பார்கள். ஒரு மணி நேரம் 3-இல் ஓடியதை நிறுத்தினால் 1.2-க்கு வர 11 நிமிடம். நான்கு மணி நேரம் ஓடியதற்கு ஏறக்குறைய 18 நிமிடம். உங்கள் இரண்டு மணி நேர கேஸுக்குத் தோல் தையல் தொடங்கும்போது நிறுத்தலாம். இலக்கு 4-இல் ஓடினால் கடைசி அரை மணியில் 3-க்கு இறக்கிவிட்டு, பிறகு நிறுத்துங்கள். இதெல்லாம் சராசரி. மூளையில் விளைவு தெரிய இன்னும் சில நிமிடம் பின்தங்கும்.

---

பழையபாயில் எழுதியது:

இவ்வளவு கணக்கு தேவையா? பல்ஸ், பிபி பார்த்து, வியர்க்கிறதா, கண்ணில் நீர் வருகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்கினாலே போதுமே. பிஸ் வேறு இருக்கிறது. பிஸ் 40-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் ரத்தத்தில் எவ்வளவு இருந்தால் என்ன?

---

வென்ஃப்ளான் எழுதியது:

சார், வெக்குரோனியம் போட்ட நோயாளி அசையவும் மாட்டார், பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவராக இருந்தால் பல்ஸும் ஏறாது. விழிப்பு வந்த பலருக்குப் பல்ஸும் பிபியும் மாறவே இல்லை என்பது பழைய செய்தி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2014-இல் வெளியான, அறுவையின் நடுவே விழிப்பு வருவது பற்றிய என்ஏபி5 ஆய்வு தசை தளர்த்தியுடன் டீவா கொடுக்கும்போது இஇஜி வழி மானிட்டர் வேண்டும் என்றது இதனால்தான். அந்த ஆய்வு சுட்டிக்காட்டிய இன்னொரு இடம்: கணக்கில்லாத நிலையான ரேட்டில் ஓட்டுவது, குறிப்பாகத் தியேட்டரிலிருந்து ஐசியு-வுக்கு மாற்றும்போது. டிராலியில் ஏற்றும்போது வேப்பர் கழற்றப்படுகிறது, புரோபோஃபால் போலஸ் இல்லாமல் ஏதோ 10 மி.லி. ரேட்டில் வைக்கப்படுகிறது, ரிலாக்சன்ட் மட்டும் முழுசாக இருக்கிறது.

பிஸ் இருந்தாலும் அது காட்டுவது நடந்து முடிந்ததைத்தான். கணக்குப் போட அதற்கு அரை நிமிடம் வரை தாமதம், மருந்து மூளைக்குப் போகச் சில நிமிடத் தாமதம். ரேட்டை ஏற்றிவிட்டு பிஸ் இறங்கவில்லை என்று மறுபடி ஏற்றுவது, பிறகு எல்லாம் சேர்ந்து 25-க்கு விழுவது: பிஸ் மட்டும் பார்த்து ஓட்டினால் இதுதான் நடக்கும். கெட்டமின் கொடுத்திருந்தால் எண் தானாக உயரும். நெற்றித் தசை துடித்தாலும் உயரும். எண்ணை மட்டும் பார்க்காமல் கீழே ஓடும் அலையையும் ஈஎம்ஜி (தசைத் துடிப்பு) பட்டையையும் பாருங்கள்.

பிஸ் இல்லாத இடத்தில் உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே இன்டியூபேஷனுக்குப் பிறகு அறுவைக்கு அவசியம் இல்லாதவரை ரிலாக்சன்ட்டைத் திரும்பக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அசைவுதான் மிச்சம் இருக்கும் ஒரே அலாரம்.

---

பழையபாயில் எழுதியது:

ரிலாக்சன்ட் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கு போடுகிறவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். மாடல் சராசரி மனிதனுக்கு. முன்னால் படுத்திருப்பவருக்கு உண்மையான அளவு கணக்கிலிருந்து கால் பங்கு கூடவோ குறையவோ இருந்தால் ஆச்சரியம் இல்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு அதே ரேட்டில் அளவு ஏறும். கார்டியாக் அவுட்புட் குறைந்தால் கல்லீரலுக்குப் போவதும் குறைகிறது, போலஸும் கெட்டியாகவே மூளைக்குப் போகிறது. அங்கே 10-8-6 என்று பிடிவாதம் பிடித்தால் நோயாளி தாங்க மாட்டார்.

வயதானவர்களும் அப்படித்தான். 75 வயது, 50 கிலோ என்றால் போலஸை ஒரே தடவையில் கொடுக்காமல், 10 முதல் 20 மி.கி. வீதம், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம் பொறுத்து, கண் மூடும் வரை மட்டும். பராமரிப்பு 3 முதல் 6-க்குள். 6-இல் தொடங்கி 4, பிறகு 3 என்று இறங்கலாம். கை-மூளைச் சுற்று நேரம் அவர்களுக்கு அதிகம்; 'இன்னும் தூங்கவில்லையே' என்று அவசரப்பட்டால் இரண்டாவது டோஸ் உள்ளே போன பிறகு முதல் டோஸ் வேலை செய்யத் தொடங்கும்.

---

மயக்கவியல்_இரண்டாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று சின்னச் சந்தேகம். 110 கிலோ நோயாளிக்கு எந்த எடையைப் போடுவது? குழந்தைகளுக்கு இதே 10-8-6 தானா? ஃபென்டனிலையும் இதே மாதிரி இன்ஃப்யூஷனாக ஓட்டலாமா? இன்னொன்று, எங்கள் பம்ப் மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம் என்றுதான் கேட்கிறது.

---

மடைதிறப்பு எழுதியது:

யூனிட்டிலிருந்து வருகிறேன், ஏனென்றால் பெரிய தவறு அங்கேதான் நடக்கும். நிமிடத்துக்கு 100 மைக்ரோகிராம் என்பது மணிக்கு 6 மி.கி. மைக்ரோகிராம் எண்ணை 0.06-ஆல் பெருக்குங்கள். ஆக 10-8-6 என்பது உங்கள் பம்ப்பில் 167, 133, 100. பம்ப்பில் எடையும் செறிவும் போட்ட பிறகு அது காட்டும் மி.லி./மணியை மனக்கணக்குடன் ஒப்பிடுங்கள். 100 போட்டு 60 கிலோவுக்கு 36 வரவில்லை என்றால், செறிவு 2% என்று கிடக்கிறது அல்லது முந்தைய நோயாளியின் எடை அப்படியே இருக்கிறது.

பருமனானவர்களுக்கு போலஸ் மெலிந்த உடல் எடைக்கு, இன்ஃப்யூஷன் சரிக்கட்டிய எடைக்கு. சரிக்கட்டிய எடை என்பது உயரத்துக்கேற்ற எடையுடன் அதிகப்படியில் 40% கூட்டியது. உயரத்துக்கேற்றது 65 என்றால் அதிகப்படி 45, அதில் 40% 18. ஆக 83 கிலோ. 110-ஐ அப்படியே போட்டால் மணிக்கு 66 மி.லி., 83 போட்டால் 50. இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் 300 மி.கி.க்கு மேல்.

குழந்தைகளுக்கு இதே எண் போதவே போதாது. கிலோவுக்குக் கணக்கிட்டால் அவர்களின் மையத் தொட்டியும் பெரிது, அழிப்பும் வேகம். 3 முதல் 11 வயதுக்கு மெக்ஃபார்லன் குழு 1999-இல் கொடுத்த முறையில் அதே 3 இலக்குக்கு 2.5 மி.கி./கிலோ போலஸ், பிறகு முதல் 15 நிமிடம் 15, அடுத்த 15 நிமிடம் 13, ஒரு மணி நேரம் வரை 11, இரண்டு மணி வரை 10, நான்கு மணி வரை 9. பெரியவர்களைப் போல ஒன்றரை மடங்கு. அவ்வளவு ஊற்றுவதால் விழிக்கவும் கூடுதல் நேரம் எடுக்கும்.

எப்போதாவது டிசிஐ பம்ப் கைக்கு வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மார்ஷில் 60 கிலோவுக்கு மையத் தொட்டி 13.7 லிட்டர். ஷ்னைடர் என்ற இன்னொரு மாடலில் எல்லோருக்கும் 4.27 லிட்டர். ரத்த இலக்கு 3 என்று இரண்டிலும் போட்டால் ஒன்று முதலில் 41 மி.கி. கொடுக்கும், மற்றது 13 மி.கி. மட்டும். எந்த மாடல் என்று பார்க்காமல் 'மூன்றில் வை' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

---

வென்ஃப்ளான் எழுதியது:

ஃபென்டனில் ஓட்டலாம், கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். ஆனால் அது புரோபோஃபால் மாதிரி நடக்காது. புரோபோஃபாலை எட்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தினாலும் ஏறக்குறைய 40 நிமிடத்தில் பாதியாகும். ஃபென்டனில் அதே எட்டு மணி நேரத்துக்குப் பிறகு பாதியாக நான்கு மணி நேரத்துக்கு மேல். இரண்டு மணி கேஸில் அவ்வளவு மோசமில்லை என்றாலும், முடிவுக்கு 30 முதல் 45 நிமிடம் முன்பே நிறுத்திவிடுங்கள். கண் விழித்தும் மூச்சு விட மறந்து படுத்திருப்பவருக்குக் காரணம் புரோபோஃபால் இல்லை, இதுதான். ரெமிஃபென்டனில் கிடைத்தால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் மூன்று, நான்கு நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் நிறுத்தியதும் வலியும் அதே வேகத்தில் வரும், நீண்ட நேரம் நிற்கும் வலி மருந்தை முன்பே கொடுத்திருக்க வேண்டும். புரோபோஃபாலுடன் ஒரே சிரிஞ்சில் கலந்து ஓட்டாதீர்கள். இரண்டும் தனித்தனியாக மிதந்து பிரியும், ஒன்றை மட்டும் ஏற்றவோ இறக்கவோ வழியும் இருக்காது.

அப்புறம் எம்எச் கேஸ் என்பதால்: பம்ப்புக்கு பேட்டரி சார்ஜ் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள், இரண்டாவது பம்ப் ஒன்றும் தயாராக இருக்கட்டும். மற்ற கேஸில் பம்ப் செத்தால் வேப்பரைத் திறந்து சமாளிக்கலாம். இதில் அந்த வழி இல்லை. பம்ப் நின்றால், சிரிஞ்சைக் கையில் பிடித்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 1.2 மி.லி.; 36 ஓட்டத்துக்கு அது சமம். 48-இல் ஓடிக்கொண்டிருந்தால் 1.6.

---

மயக்கவியல்_இரண்டாமாண்டு எழுதியது:

80-64-48 என்று பம்ப் பக்கத்தில் ஒட்ட எழுதிவிட்டேன். சிரிஞ்ச் காலியாகும் நேரம் 40-வது நிமிடம் என்று வருகிறது: 8 + 13.3 + 10.7, மீதி 18 மி.லி. 48-இல் 22 நிமிடம். சரியா?

---

வென்ஃப்ளான் எழுதியது:

சரி. லைனைப் பர்ஜ் செய்ததில் போகும் 2 மி.லி.யையும் கழித்துக்கொள்ளுங்கள். 35-வது நிமிடத்தில் இரண்டாவது சிரிஞ்ச் கையில் இருக்க வேண்டும்.